கடைசிப் பத்து வரிகள்

சார்,

நேற்று சேலையூரில் சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் பாதி நுரை. கண்ணாடிக்கு மேலே ஒரு விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. கறுகறுவென்று முடி விரித்த ஒரு பெண் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே தமிழில் இரண்டு சொற்கள். இப்போதெல்லாம் எழுத்து எங்கே தெரிந்தாலும் என்னால் விட முடிவதில்லை. பஸ்ஸின் முதுகு, மருந்துக் கடைப் பலகை, அரிசி மூட்டை, எதுவானாலும் வாய்க்குள் கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவேன். இதையும் கூட்டினேன். அ, ம், மோ, னி, யா.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. நீளமான சொல். வகுப்பில் யாரும் சொல்லிக் கொடுக்காத சொல். நானாகப் படித்துவிட்டேன். பிறகுதான் அது என்ன சொல் என்று உறைத்தது. சலூனில் பவுடர் வாசனையைத் தவிர ஒன்றுமில்லை, ஆனால் என் மூக்கில் அந்த நெடி ஏறிவிட்டது. துண்டோடு எழுந்து வாசலுக்கு வந்து நின்றேன். சலூன்காரர் கத்தியும் கையுமாகப் பின்னால் வந்தார். "இன்னா பெருசு, பாதி மூஞ்சிய யாருக்கு வுட்டுட்டுப் போற?" என்றார்.

திரும்பிப் போய் உட்கார்ந்து இரண்டாவது சொல்லையும் கூட்டினேன். இல்லாதது. அம்மோனியா இல்லாதது. அவ்வளவுதான். தலைமுடிச் சாயத்தில் அது இல்லை என்று போட்டிருக்கிறான். மெதுவாகப் படிக்கிறவனுக்கு இந்தச் சங்கடம் உண்டு, சார். பயம் முதல் சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஆறுதல் இருக்கிற சொல்லுக்குப் போய்ச் சேர நேரம் ஆகிறது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்றே இருந்தது. நீங்கள் போனபோது எனக்குப் படிக்க மட்டும்தான் தெரியும், அதுவும் அரைகுறையாக. எழுத வந்தது அதற்குப் பிறகுதான். நான் எழுதுகிற முதல் கடிதம் இது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். வரி முடிந்ததும் அதைத் தூரப் பிடித்துப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்துக்கு ஆறிய டீ ஒன்றும் பெரிதில்லை.

கோவளத்துக்கு முன்னால் அந்த எறா கம்பெனி. நான் முழங்கால் போய், படகுக்குப் போவதை நிறுத்தியிருந்த சமயம். என் வீட்டுக்காரி கன்னியம்மா அங்கே எறா உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் சொல்லித்தான் என்னையும் ஆபீசில் டீ வாங்கவும் பெருக்கவும் சேர்த்துக்கொண்டார்கள். ஏற்றுமதிக்குப் போகிற எறாவை வைக்கிற அறை எவ்வளவு குளிராக இருந்தது என்று பதிவு இருந்தாக வேண்டுமாம். அதற்காகத்தான் உங்களைக் கொண்டுவந்தார்கள். மறைமலை நகரில் ஏதோ தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள். தாம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, டிபன் பாக்ஸோடு, சட்டை கசங்காமல் வந்து இறங்குவீர்கள். என்னை முதல் நாளே அண்ணா என்றீர்கள். அந்த ஆபீசில் அதுவரை என்னை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கையைத்தான் சொடுக்குவார்கள்.

உங்கள் அறையில் ஒரு கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்து. குளிர் அறைகளிலும் கம்ப்ரசர் பக்கமும் மாட்டியிருந்த கருவிகள் சொல்வதையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டே இருக்கும். எச்சரிக்கைகளுக்கு மட்டும் தனியாக ஒரு ஃபைல். அறையில் குளிர் குறைந்தால் அதில் ஒரு வரி. அம்மோனியா குழாயை விட்டு வெளியே வந்தால் ஒரு வரி. அந்த வாயுதான் அறைகளைக் குளிர வைப்பது. குழாய்க்குள் இருக்கிறவரை அது நம் வேலைக்காரன், வெளியே வந்தால் மூச்சை நிறுத்திவிடும் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது.

ஃபைல் மிக நீளம், மேலிருந்து யார் படிப்பது என்றீர்கள். நாலு எழுத்து அடித்தீர்கள். டெயில் என்று அதற்குப் பேர், வால் என்று அர்த்தம். உடனே கடைசிப் பத்து வரி மட்டும் வந்து நின்றது. கூடவே இன்னோர் எழுத்தைச் சேர்த்தால் திரை அப்படியே காத்திருக்குமாம். புதிதாக வரி ஒன்று எழுதப்பட்டால் அடியில் தானாக முளைக்கும், மேலே உள்ளவை ஒரு படி நகரும். "கடைசிப் பத்து வரி போதும் அண்ணா. மேல இருக்கறதெல்லாம் நடந்து முடிஞ்சது," என்றீர்கள்.

நீங்கள் சாப்பிடப் போகும்போது நான் அதன் எதிரில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். வரி அசைந்தால் உங்களைக் கூப்பிட வேண்டும். எழுத்து தெரியாதவனுக்கு எப்படிப்பட்ட வேலை பாருங்கள்! எனக்கு எண் மட்டும் தெரியும், பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் எண் இருக்கும். மற்றதெல்லாம் வெள்ளை எறும்பு வரிசை. தலை கலைந்தபடி, எறா வாசனையோடு கன்னியம்மா சன்னலுக்கு வெளியே நின்று சிரிப்பாள். "நாங்கல்லாம் தலைய கிள்ளிகினு கெடக்கறோம். நீ குளுகுளுன்னு வால பாத்துகினு கீற" என்பாள். நீங்கள் அதைக் கேட்டு டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

நாள் முழுவதும் அந்தத் திரை பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். லாரி வந்து சரக்கு ஏற்றும்போது குளிர் அறைக் கதவு வெகுநேரம் திறந்திருக்குமே, அப்போது மட்டும் தவறாமல் ஒரு வரி முளைக்கும். நீங்கள் தலையைக்கூடத் தூக்காமல் "கதவு" என்பீர்கள். மற்றபடி சும்மா. சும்மா இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொருள். எனக்கு அந்தச் சும்மா பிடித்திருந்தது. அலை இல்லாத தண்ணீரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம் அல்லவா.

ஆனால் உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. கம்ப்ரசர் அறைக்குப் போகிற குழாயில் ஒரு வால்வு இருந்தது. அதன் கழுத்தில் எப்போதும் பனி பூத்திருக்கும், அடியில் துரு ஒழுகிய கறை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நீங்கள் ஒரு கணம் நின்று பார்ப்பீர்கள். மேனேஜரிடம் சொன்னீர்கள். இந்த ஷிப்மெண்ட் போகட்டும் என்றார். அடுத்த ஷிப்மெண்டுக்கும் அதையே சொன்னார். வாயு கசிந்தால் அலறுவதற்குச் சுவரில் ஒரு சைரன் இருந்தது. தரை கழுவினால்கூட அலறுகிறது, வேலை கெடுகிறது என்று அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். நீங்கள் கேட்டபோது மேனேஜர் உங்கள் அறையைக் கைகாட்டினார். "அதான் நீங்க ஸ்கிரீன பாத்துகிட்டே இருக்கீங்களே சார்," என்றார். நீங்கள் திரும்பி வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள். அன்று முழுக்க நாற்காலியை விட்டு எழவில்லை. நான் வைத்த டீ ஏடு கட்டிப் போயிற்று.

ஃபைல்களெல்லாம் பெருத்துக் கம்ப்யூட்டரில் இடம் அடைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். வாரத்துக்கு ஒரு முறை பழைய ஃபைலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதே பேரில் புதிதாக ஒன்றை ஆரம்பிக்கும்படி சனிக்கிழமை ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனீர்கள். இனி தொந்தரவு இருக்காது அண்ணா என்றீர்கள். ஞாயிறு விடுமுறை. ஆள் இல்லாத கட்டடத்தில் அந்த ஏற்பாடு தன் வேலையைத் தானே செய்தது. திரையை யாரும் அணைக்கவில்லை. அதன் வேலை காத்திருப்பது. அது காத்திருந்தது.

திங்கள்கிழமை. காற்று விழுந்துவிட்ட நாள், தென்னை ஓலைகூட அசையவில்லை. திரையில் சனிக்கிழமை பார்த்த அதே பத்து வரி. நான் துடைத்தேன், பெருக்கினேன், பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. நீங்கள் வந்தீர்கள், பார்த்தீர்கள், நல்ல வாரமாக ஆரம்பிக்கிறது என்றீர்கள். துறைமுகம் போகிற லாரி வந்தது. பெண்கள் பெட்டி எடுத்துக் கொடுத்தார்கள். தரையில் பிளீச்சிங் பவுடர் நெடி, எறா நெடி, எப்போதும் மெலிதாக இருக்கிற அந்த மற்ற நெடி. எங்கள் மூக்கெல்லாம் எப்போதோ மரத்துப்போனவை. நீங்கள் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டே உள்ளே வந்தீர்கள். வாசலிலேயே நின்றீர்கள்.

"அண்ணா, லாரி லோடு ஏத்திட்டாங்களா?"

"பாதி ஏத்தியாச்சு சார். வந்து ரொம்ப நேரமாச்சு."

நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். மறுபடியும் திரையைப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. அந்த அறையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, கம்ப்ரசர் எப்போதும்போலத் தடதடத்துக்கொண்டிருந்தது.

"கதவு திறந்திருக்கு. ஏன் வரி வரல?" என்றீர்கள். என்னிடம் கேட்கவில்லை.

உட்காரக்கூட இல்லை. குனிந்து ஏதோ தட்டினீர்கள், காத்திருந்த திரை நின்றது. மறுபடியும் அந்த நாலு எழுத்தை அடித்தீர்கள். பத்து வரி ஒரே மூச்சில் வந்து விழுந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எண் தெரியுமே. மேல் வரியின் கடைசியில் சின்ன எண். அதற்குக் கீழே அதைவிடப் பெரிது. அதற்குக் கீழே இன்னும் பெரிது. கடைசி வரி வேறு நீளத்தில் இருந்தது, அந்த எண்ணுக்கு இடம் அதிகம் வேண்டியிருந்தது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பிறகும் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் பார்க்க நிற்கவில்லை.

உரிக்கிற கூடத்தில் நீங்கள் கத்தினீர்கள். கத்திப் பழகாத குரல். எல்லாரும் அப்படியே விட்டுட்டு வெளிய போங்க என்றீர்கள். பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு உங்கள் முகத்தைப் பார்த்து ஓடினார்கள். லோடு முடியட்டும் சார் என்று லாரிப் பக்கமிருந்து மேனேஜர் குரல் கொடுத்தார். நீங்கள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஃபிட்டர் வெளியிலிருக்கிற பெரிய வால்வை மூடப் பின்பக்கமாக ஓடினார். கேட்டுக்கு வெளியே எல்லாரும் கூடி நின்றோம். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முக்காடு, முக்காடு, ஈர ஏப்ரன். அவள் இல்லை.

"கன்னியம்மா" என்று மட்டும்தான் என் வாயில் வந்தது.

பெட்டி எடுக்க உள் அறைக்குப் போனாள் என்று யாரோ சொன்னார்கள். குளிர் அறைக்கு முன்னால் இருக்கிற சின்ன அறை அது. தடித்த ரப்பர்த் திரை தொங்கும், உள்ளே இருப்பவர்களுக்கு வெளிச்சத்தம் எதுவும் கேட்காது. கம்ப்ரசர் சுவரும் அந்தப் பக்கம்தான். நான் நகர்ந்தேன். நீங்கள் என் தோளைப் பிடித்து நிறுத்தினீர்கள். "உங்க கால் ஓடாதுண்ணா. நில்லுங்க," என்றீர்கள். குழாயடியில் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனீர்கள்.

பிறகு அந்தச் சத்தம். பெரிய சத்தமில்லை. பாம்பு சீறுவதைப் போல, ஆனால் நிற்காமல். கூடத்தின் வாசலில் தரையோடு தரையாக வெள்ளையாக ஒன்று ஊர்ந்து வந்தது. மார்கழிப் பனிபோல அழகாக இருந்தது. எல்லார் கண்ணிலும் நீர் வழிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள்ளிருந்து எதுவும் வரவில்லை. வரவில்லை.

அவள்தான் முதலில் வந்தாள், தலையில் உங்கள் ஈரத் துண்டோடு. யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது மாதிரி வந்து விழுந்தாள். நீங்கள் அவளுக்குப் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு, மூக்கிலும் வாயிலும் ஒன்றும் இல்லாமல் வந்தீர்கள்.

உங்கள் தொண்டையும் நெஞ்சும் அதற்குப் பிறகு பழையபடி ஆகவில்லை. கம்பெனியைக் கொஞ்ச நாள் பூட்டினார்கள், பிறகு வேறு பேரில் திறந்தார்கள். கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள் சரியாகப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அதைக் கேட்டபோது கன்னியம்மா மேனேஜர் வீட்டுத் தெருவில் நின்று பேசிய பேச்சை எழுதும் அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை. படித்தாலும் எழுத மாட்டேன்.

சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டுக்கு வாரா வாரம் வருவேன். சன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருப்பீர்கள். ரயில் போகும்போதெல்லாம் தண்ணீர்ச் சொம்பு நடுங்கும். என்ன நடந்தது என்று ஒரு நாள் கேட்டேன். கரகரத்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள். "பழைய ஏட்ட எடுத்து அலமாரியில வெச்சாச்சு. அதே பேர்ல புதுசு தொறந்தாச்சு. எச்சரிக்கை எல்லாம் புதுசுல விழுந்துட்டே இருந்துச்சு. நம்ம ஸ்கிரீன் மட்டும் அலமாரில இருக்கற பழசையே பாத்துட்டு இருந்துச்சு. அதுல இனிமே யார் எழுதப் போறா?" பேரைப் பார்த்துப் பின்னாலேயே போகச் சொல்லவும் வழி உண்டாம். சின்ன எழுத்துக்குப் பதில் அதே எழுத்தைப் பெரியதாக அடித்திருந்தால் போதுமாம். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்று இல்லை என்று பிறகு வகுப்பில் தெரிந்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

காலையிலிருந்து அந்தத் திரையில் உயிர் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நான் சந்தோஷமாகப் பெருக்கிக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் இப்போதும் கை நின்றுவிடுகிறது.

மழைக்காலத்தில் டாக்டர் உங்களைப் பேசக் கூடாது என்றார். நீங்கள் தாளில் எழுதி நீட்ட ஆரம்பித்தீர்கள். வீட்டில் ஆள் இருந்தால் படித்துச் சொல்வார்கள். இல்லாவிட்டால் நீங்கள் எழுதுவீர்கள், நான் தாளைப் பார்ப்பேன், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். மறுபடியும் எறும்பு வரிசை, இந்தத் தடவை நீல நிறத்தில். அந்த வாரமே சர்ச் ஹாலில் நடக்கிற மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். வாத்தியாரம்மா என் பேத்தி வயது. எதற்குத் தாத்தா இந்த வயசில் என்றாள். ஒருத்தர் பேசுகிறார், எனக்குக் கேட்கவில்லை என்றேன்.

தையில் ஒரு மத்தியானம் நீங்கள் நீட்டிய தாளை நான் வாங்கி, யாரையும் கூப்பிடாமல், கூட்டினேன். எவ்வளவு நேரம் எடுத்தேனோ, ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன. "அண்ணா, கன்னியம்மா ஏன் வரல?" அதுதான் எழுதியிருந்தது. நான் சத்தமாக, இரண்டாவது தடவையும் படித்தேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாக மாறி நிற்காமல் போய், உங்கள் வீட்டம்மா ஓடி வந்தார்கள். அப்படியும் கண்ணில் சிரிப்பு இருந்தது. அவள் வரவில்லை, பஸ் நெரிசலுக்குப் பயந்து வீட்டில் இருக்கிறாள் என்றேன். அடுத்த வாரம் அழைத்து வருவதாகச் சொன்னேன். அடுத்த வாரம் உங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைப் படிக்க எழுத்து வேண்டியிருக்கவில்லை.

சார், இப்போது நாங்கள் மகள் வீட்டோடு சேலையூரில் இருக்கிறோம். கன்னியம்மா நன்றாக இருக்கிறாள், கொஞ்சம் இளைப்பு உண்டு, வாய் குறையவில்லை. உங்களிடமிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, அது போகவில்லை. வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்கும்வரை நான் எழுதுவேன். சத்தம் நின்றால் என் கையும் நின்றுவிடும். "இருக்கியா?" என்று கூப்பிடுவேன். அவள் திட்டுவாள். அந்தத் திட்டைக் கேட்டபின் அடுத்த எழுத்து. மகள்கூடச் சொல்கிறாள், அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. நிம்மதியாக இருக்க வேண்டிய நேரத்தில்தான் எனக்குப் பயம் வருகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, மேலே உங்கள் வீட்டுச் செருப்புகளைப் பற்றி எழுதினேனே, அந்த இடத்தில் பின்கட்டில் சத்தம் நின்றுவிட்டது. கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூட இல்லை. பேனாவைப் போட்டுவிட்டு, இந்தக் காலை இழுத்துக்கொண்டு போனேன். அந்தக் கொஞ்ச தூரம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும்.

துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஈரத் துணி. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கூப்டது காதுல வுழலியா?" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"வுழுந்துச்சு," என்றாள். "வரியான்னு பாத்தேன்."